நாற்பத்தேழாவது கல்யாணம்

கம்பத்திலிருந்து வந்த டவுன் பஸ் காமயகவுண்டன்பட்டியில் கர்ணனை இறக்கிவிட்டபோது மணி காலை பத்தரை. 2008, ஆவணி மாசம். திராட்சைப் பந்தலுக்கு அடித்த மருந்து வாடை தெருவரை வந்திருந்தது. கர்ணன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஊரையே ஒருமுறை முகர்ந்து பார்த்துத் தள்ளுபடி செய்தவன் போல நடந்தான்.

தேனியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஆறு மாசக் கோர்ஸ் படித்துவிட்டு, அதே ஆறு மாசத்தை அதே சென்டரில் அடுத்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் அவன். வயது இருபத்தாறு. உலகத்தில் பாதிப் பேர் முட்டாள்கள் என்பது அவன் முடிவு. மீதிப் பேரை அவன் இன்னும் சந்திக்கவில்லை.

வீடியோ ஸ்டுடியோ ஒரு பழைய மாடி வீட்டில் இருந்தது. எந்தக் காலத்திலோ ஒரு புகையிலை வியாபாரி கட்டியது. கீழ்த்தளக் கிடங்கின் பூட்டு துருவேறிக் கதவோடு ஒட்டிப்போயிருந்தது. பக்கவாட்டில் மரப்படி. வெயிலிலிருந்து உள்ளே வந்தவனுக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது படியில் கால் வைத்தபோதுதான், அங்கே ஒரு பொம்பளை உட்கார்ந்திருப்பதே தெரிந்தது.

ஐம்பது வயது இருக்கும். வெயிலில் கறுத்த முகம். மடியில் ஒரு மஞ்சள் பை.

"நடுவழியில உக்காந்தா எப்பிடி ஆத்தா? நகரு."

அவள் முழங்காலை மட்டும் நகர்த்தினாள். "ஸ்டுடியோக்காரகளப் பாக்கணும்யா" என்றாள். கர்ணன் காதில் விழாதது போல மேலே ஏறினான்.

மாடியில் ஒரே அறை. ஜன்னல்களைக் கறுப்புத் துணி வைத்து ஆணியடித்து மூடியிருந்தார்கள். எலிப் புழுக்கையும் வாடிப்போன மாலையும் கலந்த நாற்றம். சுவரில் மாதிரிக்கு ஒட்டிய படங்கள்: ஆப்பிள் பழத்துக்குள் மணப்பெண் தலை, ரோஜாப் பூவுக்குள் மாப்பிள்ளை தலை, இரண்டுக்கும் பின்னால் பனிமலை. அந்த மாப்பிள்ளை கொட்டகுடியைத் தாண்டி எந்த மலையையும் பார்த்திருக்க மாட்டான்.

"வா தம்பி" என்றார் சுந்தரலிங்கம். ஸ்டுடியோ முதலாளி. மீசைக்கு மட்டும் சாயம் அடித்திருந்தார், தலை முடி இல்லாததால். "படியில ஒண்ணு உக்காந்திருக்குமே. எதாச்சும் கேட்டுச்சா?"

"ஒங்களப் பாக்கணுமாம்."

"வாரா வாரம் வந்துருது. அத விடு. வேலையப் பாப்போம்."

வேலை இதுதான். சுந்தரலிங்கம் முடித்துக் கொடுத்த நூற்றுப் பன்னிரண்டு கல்யாணங்கள் ஒரே ஹார்டு டிஸ்க்கில் நூற்றுப் பன்னிரண்டு ஃபோல்டர்களாகக் கிடந்தன. டிவிடி தொலைந்தது, கீறிப்போனது என்று யாராவது இன்னொன்று கேட்டு வந்தால், அவர் அந்த ஃபோல்டரை அப்படியே காலி டிஸ்க்கில் எழுதிக் கொடுப்பார். வீட்டுப் பிளேயர் அதைத் துப்பிவிடும். ஃபோல்டரை முதலில் இமேஜ் ஃபைலாக, அதாவது ஒரு முழு டிஸ்க்கின் அச்சாக மாற்றி, அந்த அச்சிலிருந்து எழுதினால்தான் ஓடும். இது தெரியாமல் ஏழு வருஷம் தொழில் நடத்தியிருக்கிறார்.

"ஒண்ணொண்ணா மாத்துனா ஒரு வாரம் ஆகுமாமே தம்பி?"

கர்ணன் சிரித்தான். "ஒண்ணொண்ணா மாத்துறது ஒங்கள மாதிரி ஆளுக அண்ணே. நான் நோட்பேடுல எட்டு வரி எழுதுவேன். அது பாட்டுக்கு ஒண்ணுல இருந்து நூத்திப் பன்னெண்டு வரைக்கும் தானா மாத்திரும். சாயங்காலம் வந்து எடுத்துக்கங்க."

டிஸ்க்கில் இடம் இல்லை என்பது ஒன்றுதான் சிக்கல். இமேஜும் ஃபோல்டரும் சேர்ந்து இருக்க முடியாது. அதனால் ஒரு இமேஜ் உருவானதும் அதன் ஃபோல்டரை அழித்துவிட்டு அடுத்ததற்குப் போ என்று எட்டாவது வரியில் எழுதினான். இமேஜ் ஒழுங்காக உருவானதா என்று பார்த்துவிட்டு அழி என்று எழுத இன்னும் ஒரு வரி வேண்டும். அந்த ஒரு வரி அவனுக்குக் கௌரவக் குறைச்சலாகப்பட்டது. தான் எழுதினது தப்பாகப் போகும் என்று நினைக்கிறவன்தானே அதையெல்லாம் எழுதுவான்.

ஓட விடுவதற்கு முன்னால், சோதனைக்காக ஒரு கல்யாணத்தைத் திறந்து ஓட்டினான். தாலி கட்டும் இடம் வந்தது. முகம் எதுவும் தெரியாமல், ஒரு பின்னங்கழுத்து திரையை நிறைத்தது. கொத்து மல்லிகை, மஞ்சள் கயிறு, முடிச்சுப் போடும் இரண்டு கைகள். எட்டு செகண்டு.

இன்னொரு கல்யாணத்தைத் திறந்தான். அதே கழுத்து. அதே மல்லிகை. அதே கைகள்.

"என்னண்ணே இது?"

சுந்தரலிங்கம் தொழில் ரகசியம் சொல்கிற பெருமையோடு குனிந்தார்.

"தாலி கட்டுற நேரத்துல ஒரு பய கேமராவுக்கு வழி விடமாட்டான் தம்பி. எல்லாப் பயலும் அட்சதையத் தூக்கிக்கிட்டு முன்னால வந்து குண்டியக் காட்டுவான். ஒரே ஒரு கல்யாணத்துல நல்லா விழுந்துச்சு. மாப்பிள்ளை முத முடிச்சுப் போட்டாச்சு, நாத்தனார்க்காரி பின்னால நின்னு மிச்ச ரெண்டையும் போடுறா. அந்தத் துண்ட வெட்டி வச்சுக்கிட்டேன். அதுக்கப்புறம் எல்லாருக்கும் அதைத்தான் ஒட்டுறது. கழுத்துல என்ன பேரா எழுதியிருக்கு?"

"யாரும் கண்டுபிடிக்கலையா?"

"எவன் முழுசாப் பாக்குறான்? அவனவன் தன் மூஞ்சி வருதான்னு பாப்பான். மாமியாக்காரி தன் சேலை தெரியுதான்னு பாப்பா. முடிஞ்சு போச்சு."

கர்ணன் கண்ணில் நீர் வரச் சிரித்தான். அத்தனை வீட்டிலும் ஒரே கழுத்துக்குத் தாலி ஏறியிருக்கிறது. ஒரு ஜென்மத்துக்கும் தெரியவில்லை. "இது யாரு கழுத்துண்ணே?"

சுந்தரலிங்கம் குரலைத் தாழ்த்தினார். "நாப்பத்தேழாம் நம்பரு. கிருபாவதின்னு ஒரு புள்ள. படியில உக்காந்திருக்கே சங்கிலியம்மாள், அது மக. கல்யாணமாகி பத்தொன்பதாம் நாளு ஏலக்காய் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போன ஜீப்பு கம்பம்மெட்டு வளைவுல உருண்டு போச்சு. அஞ்சு வருசம் ஆச்சு."

"செத்தவளா?"

"மெதுவாச் சொல்லு. செத்தவ கழுத்தத்தான் எல்லாக் கல்யாணத்துலயும் ஒட்டியிருக்கேன்னு தெரிஞ்சா, நாளைக்கு ஒருத்தன் எனக்கு வீடியோ குடுப்பானா? டேப்புல பூஞ்சை புடிச்சுப் போச்சுன்னு கெழவிகிட்டச் சொல்லி வச்சிருக்கேன். நீயும் போட்டுக் காட்டிறாத."

பதினோரு மணிக்கு வேலை தொடங்கியது. கம்ப்யூட்டர் திரையின் கறுப்பு ஜன்னலில் வெள்ளை எழுத்துகள் ஒழுங்காக ஏறத் தொடங்கின. ஒரு கல்யாணத்துக்கு நாலு நிமிஷம். சுந்தரலிங்கம் கேமராப் பையைத் தூக்கிக்கொண்டு கூடலூரில் ஒரு காதுகுத்துக்குப் போனார். கர்ணன் நாற்காலியைச் சாய்த்துப் போட்டு உட்கார்ந்தான்.

அரை மணி நேரத்தில் வாசலில் மஞ்சள் பை தெரிந்தது.

"அய்யா, நீங்க புதுசா வந்திருக்கீகளா? கம்ப்யூட்டர்ல இருந்தா எடுத்திரலாம்னு சொன்னாக. எம் புள்ள கிருபாவதி கல்யாணம்."

"பூஞ்சை புடிச்சிருச்சு ஆத்தா."

"ஒரு தடவ பாத்தாப் போதும்யா. டிஸ்க்கெல்லாம் வேணாம்."

"ஒரு போட்டோ கூடவா இல்ல வீட்டுல?"

"மாப்பிள்ள வீட்டுல ஆல்பமும் டிஸ்க்கும் வச்சிருந்தாக. அவ துணிமணியோட அதையும் சேத்து ஆத்துல விட்டுட்டாக." அவள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். "ஜீப்புல போனவள பொட்டலமாக் கட்டித்தான் குடுத்தாக. மொகத்தப் பாக்க விடல. இப்ப என்னடான்னா, கண்ண மூடுனா அவ சேலை தெரியுது, நடை தெரியுது, மொகம் வர மாட்டேங்குது. பெத்தவளுக்கே மொகம் மறந்து போச்சுன்னா அந்தப் புள்ள எங்கன போயி நிக்கும்?"

நாற்பத்தேழாம் ஃபோல்டரைத் திறக்க இரண்டு தட்டுத் தட்டினால் போதும். அவள் மகள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போயிருப்பாள். ஐந்து நிமிஷ வேலை. கர்ணனுக்கு அது தெரியும். ஆனால் அழுகிற பொம்பளைகள் அவனுக்கு அலுப்பு.

"மிஷின் ஓடிக்கிட்டிருக்கு. தொந்தரவு பண்ணாத. கீழ போயி உக்காரு."

அவள் போனாள். கோபப்படக்கூட இல்லை. அதுவும் அவனுக்கு இளக்காரமாகவே இருந்தது.

இரண்டு மணி. புரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுகொண்டிருந்தவன், வெள்ளை எழுத்துகளில் ஒரு வரி வேறு மாதிரி நிற்பதைக் கவனித்தான். நாற்பத்தேழு. ஏதோ ஒரு ஃபைல் கெட்டுப்போயிருந்தது, படிக்க முடியவில்லை. உருவான இமேஜின் அளவு பூஜ்யம்.

இமேஜ் இல்லை. ஆனால் எட்டாவது வரி அதன் கடமையைச் செய்தது. ஃபோல்டரை அழித்தது. அடுத்ததற்குப் போனது.

கர்ணன் விரல் நுனியை நக்கினான்.

"போனாப் போகுது. பூஞ்சைன்னு சொன்னது நெசமாயிருச்சு" என்று தனக்குள் சொல்லிச் சிரித்தான்.

ஆனாலும் மற்றவை சரியாக வருகிறதா என்று பார்த்துவிடலாம் என்று தோன்றியது. புதிதாக முடிந்திருந்த நாற்பத்தெட்டைத் திறந்தான். தாலி கட்டும் இடம். பின்னங்கழுத்து. மல்லிகை. கைகள்.

எட்டு செகண்டு முடிந்தது.

காட்சி முடியவில்லை.

கைகள் விலகிப் போயின. கழுத்து மட்டும் திரையில் நின்றது. பத்து செகண்டு, இருபது செகண்டு. மேளச் சத்தம் இல்லை. ஏதோ ஒரு வண்டி மேட்டில் ஏறத் திணறும் இரைச்சல் மட்டும், வெகு தூரத்தில்.

"ஜவ்வா இழுத்து எடிட் பண்ணியிருக்கான் பாரு" என்று சுந்தரலிங்கத்தை வைதுகொண்டு அதை மூடினான்.

நாற்பத்தொன்பதிலும் கழுத்து நின்றது. ஐம்பதில் நின்றது. ஐம்பத்தொன்றில், மல்லிகைச் சரம் கொஞ்சம் விலகி, அதற்குக் கீழே நீளமான ஒரு தழும்பு தெரிந்தது. முன்னால் அது தெரியவில்லை. பூ எப்படி நகரும்?

ஐம்பத்தைந்தைத் திறந்தபோதுதான் அவனுக்குப் புரிந்தது.

பூ நகரவில்லை.

தலை திரும்பிக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு நூல் அளவு. முந்தின இமேஜில் விட்ட இடத்திலிருந்து, அடுத்த இமேஜில்.

புரோட்டாப் பொட்டலத்தைத் தள்ளி வைத்தான். அறையில் எலி நாற்றம் போய் வேறு ஒரு வாசனை ஏறியிருந்தது. ஈரமான ஏலக்காய். பச்சையாக, தழையோடு. அதன் அடியில் டீசல்.

'வெயில்ல பித்தம் ஏறியிருக்கு' என்று சொல்லிக்கொண்டான். எட்டு வரியை நிறுத்தும் விசைகளை அழுத்தினான். நிறுத்தவா, ஆம் அல்லது இல்லை என்று ஜன்னல் கேட்டது. ஆம் என்றான்.

ஐம்பத்தாறு என்று எழுதிக்கொண்டு அது மேலே போனது.

மறுபடி அழுத்தினான். ஆம். ஆம். ஆம்.

ஐம்பத்தேழு.

இப்போது அவன் திறக்காமலே ஒவ்வொரு இமேஜும் முடிந்தவுடன் திரையில் தானாக ஓடத் தொடங்கியது. நேராகத் தாலி கட்டும் இடத்திலிருந்து. நோட்பேடில் தான் எழுதின எட்டு வரியைத் திறந்து பார்த்தான்.

ஒன்பது வரி இருந்தது.

ஒன்பதாவது வரி, முடிந்த இமேஜை ஓட்டிக் காட்டு என்றது. அவன் எழுதாத வரி. அழித்துச் சேமித்தான். மூடித் திறந்தான். ஒன்பது வரி. எழுத்துப் பிழை இல்லாமல், அவன் எழுதுவதைவிடச் சுத்தமாக.

"ஏலக்கா வாசம் வருதேய்யா."

கர்ணன் நாற்காலியோடு துள்ளினான். சங்கிலியம்மாள் வாசலில் நின்றாள். அவள் கண் அவன் மேல் இல்லை. திரையில் இருந்தது.

"இங்கன வராத. போ."

அவள் உள்ளே வந்தாள். திரைக்கு ஒரு சாண் தூரத்தில் குனிந்து அந்தத் தழும்பைப் பார்த்தாள்.

"ஏழு வயசுல திராட்சைப் பந்தல் கம்பி கிழிச்சது" என்றாள் மெதுவாக. "நாந்தேன் மஞ்சப் பத்துப் போட்டேன். இது எம் புள்ள."

"அது... அது வேற யாரோ."

"ஏய்யா, பெத்தவகிட்டயா சொல்ற?"

அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள். டவுன் பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் போல அவ்வளவு பொறுமையாக.

"திரும்புறா. இன்னும் எத்தன இருக்கு?"

"நூத்திப் பன்னெண்டு வரைக்கும்" என்று முனகிவிட்டுக் கர்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். ஓடிப் போயிருக்கலாம். ஆனால் படி இருட்டாக இருந்தது. தனியாக இறங்குவதைவிட, தான் விரட்டியடித்த ஒரு பொம்பளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அவனுக்குத் தெம்பாக இருந்தது. அவன் வீரம் அவ்வளவுதான்.

எழுபது. எண்பது. காது நுனி தெரிந்தது. காதில் சின்னத் தோடு. தொண்ணூறில் கன்னத்தின் ஓரம். சங்கிலியம்மாள் ஒவ்வொன்றுக்கும் முனகினாள். "ஆமா. இந்தத் தோடுதான்... ஆமா, கன்னம் இப்பிடித்தான் உப்பியிருக்கும்." மறந்துபோன முகத்தை எடுத்து ஒட்டவைப்பவள் போல.

வண்டி இரைச்சல் நெருங்கியிருந்தது.

ஆறு மணிக்குக் கரண்ட் போனது. மின்விசிறி தேய்ந்து நின்றது. ட்யூப்லைட் அணைந்தது. பேட்டரிப் பெட்டி இரண்டு தடவை கத்திவிட்டு ஓய்ந்தது.

திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

கர்ணன் தவழ்ந்து போய்ச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினான். பிளக் கையில் இருந்தது. நூற்று ஆறு என்று ஜன்னல் எழுதியது.

"எதையும் தொடாதய்யா" என்றாள் சங்கிலியம்மாள். அதட்டவில்லை. கெஞ்சினாள். "கொஞ்சந்தான். கண்ணு தெரியப் போகுது."

நூற்று ஏழு. மூக்கும் மூக்குத்தியும்.

நூற்று எட்டு.

நூற்று ஒன்பதில், பக்கவாட்டு முகத்தில், விழியின் வெள்ளை ஓரம் தெரிந்தது. கருவிழி அம்மாவை நோக்கிப் போகவில்லை.

அது கர்ணன் உட்கார்ந்திருந்த பக்கமாக நகர்ந்தது.

அவன் அலறிக்கொண்டு கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கப் பலகையைப் பிய்த்தான். ஹார்டு டிஸ்க்கை வயரோடு பிடுங்கித் தரையில் அடித்தான். ஓடிக்கொண்டிருந்த தட்டு ஒரு கீச்சுச் சத்தத்தோடு நின்றது. திரை அணைந்தது. இன்னொரு தடவை அடித்தான். காலால் மிதித்தான். நூற்றுப் பன்னிரண்டு வீட்டு ஆப்பிள்களும் பனிமலைகளும் அவன் செருப்புக்குக் கீழே நொறுங்கின.

இருட்டு.

ஏலக்காய் வாசனை மட்டும் இருந்தது.

"இன்னும் மூணுதானேய்யா இருந்துச்சு" என்றாள் அவள்.

"போயிரு. இனிமே அவ இல்ல. எதுலயும் இல்ல. அழிச்சாச்சு. போ."

அவள் எழுந்திருக்கும்போது முட்டி சொடுக்கியது. படியில் இறங்கும் சத்தம் கேட்டது. பாதியில் நின்றது.

"மூணு கல்யாணந்தான பாக்கி" என்று கீழிருந்து குரல் வந்தது. "பாத்துக்கிறேன்."

அடுத்த நாள் சுந்தரலிங்கம் அவனை என்னென்ன வைதார் என்பது இங்கே அச்சிடத் தகாது. "மிஷின் மேல பழியப் போடுறியே, வெக்கமா இல்லையாடா?" என்பதுதான் அதில் அடக்கமான வாக்கியம். கர்ணன் ஹார்டு டிஸ்க் சூடாகி வெடித்துவிட்டது என்று முதலில் சொன்னான். அப்புறம் அதையே நம்பவும் தொடங்கினான். தன்னை நம்புவதில் அவனுக்கு என்றுமே சிரமம் இருந்ததில்லை. தேனியில் தெரிந்தவர் வீட்டில் சுந்தரலிங்கம் எடுத்துக் கொடுத்த பழைய கல்யாண டிவிடி ஒன்று இருந்தது. அதை வாங்கிப் போட்டுப் பார்த்தான். பின்னங்கழுத்து, மல்லிகை, எட்டு செகண்டு. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

"பித்தம்" என்று முடிவு கட்டினான்.

ஐப்பசியில் சுந்தரலிங்கம் போனில் கூப்பிட்டார். பேச்சுவார்த்தை இல்லாதவர் கூப்பிட்டதே ஆச்சரியம். குரல் இறங்கியிருந்தது.

"தம்பி, அந்தச் சங்கிலியம்மாள் சொல்லாமக் கொள்ளாம கல்யாணங்களுக்கு வருதுப்பா. ஆவணிக் கடைசி முகூர்த்தத்துல ஆனைமலையான்பட்டியில வந்துச்சு. நேத்து கூடலூர்ல வந்துச்சு. எங்கனயும் உக்கார மாட்டேங்குது. நேரா மணவறைக்குப் பின்னால போயி, பொண்ணுக்கு முதுகுப் பக்கம் நின்னுக்கிருது."

"ஓசிச் சோத்துக்கு வந்திருக்கும்ணே."

"சாப்பிடல தம்பி. தாலி கட்டி முடிஞ்சதும் போயிருச்சு. கூடலூர்ல அந்தப் பொண்ணோட நாத்தனார்க்காரி முடிச்சுப் போட்டவ அங்கனயே மயங்கி விழுந்துட்டா. இன்னும் பேச்சு வரல."

"வெறும் வயித்தோட நின்னிருப்பா. பொம்பளைக முகூர்த்தத்துக்குப் பட்டினி கெடக்குறது தெரிஞ்சதுதான." கர்ணன் போனை வைத்தான். கிராமத்து ஆட்களோடு பழகினால் இதுதான் தொல்லை என்று நினைத்துக்கொண்டான்.

தை மாசம் கர்ணனுக்குக் கல்யாணம். பெண் பவானி, சின்னமனூர். பி.ஏ. படித்தவள், கலகலப்பானவள், இவனைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்ததைத் தவிர வேறு குறை இல்லாதவள். மண்டபமும் சின்னமனூரில்தான். கர்ணன் ஒரே ஒரு நிபந்தனை வைத்தான். வீடியோ கூடாது, போட்டோ கூடாது, கேமராவோடு ஒரு ஆள் உள்ளே வரக் கூடாது.

"ஊரு சிரிக்கும்டா" என்றார் அவன் அப்பா.

"சிரிக்கட்டும். ஆப்பிளுக்குள்ள தலைய விட்டுக்கிற கூட்டம் சிரிச்சா எனக்கு என்ன?"

முகூர்த்தம் காலை ஒன்பது மணிக்கு. ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. மேகமலைப் பக்கமிருந்து வந்த குளிர்ந்த வெயில் மணவறை மேல் விழுந்தது. பிள்ளைகள் நாற்காலிகளுக்கு நடுவில் ஓடின. பயப்படுவதற்கு அங்கே எதுவும் இல்லை. கர்ணன் பவானியைப் பார்த்துச் சிரித்தான். அவளும் சிரித்தாள்.

மேளம் கொட்டியது. தாலியை எடுத்துக்கொண்டு பவானிக்கு முன்னால் குனிந்தான். அவள் பின்னால் அவன் தங்கை பூமாரி விளக்கை அடுத்தவளிடம் கொடுத்துவிட்டுத் தயாராக நின்றாள். முதல் முடிச்சை அவன் போட்டான். கயிற்று நுனிகளைப் பூமாரியின் கையில் கொடுத்தான்.

அட்சதை விழுந்தது. பவானி தலை குனிந்திருந்தாள். நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அதே பவானி. அதே சிரிப்பு. அவளுடைய கண், அவளுடைய மூக்கு, நெற்றியில் வியர்வை. கர்ணன் மூச்சை விட்டான்.

அப்போதுதான் மல்லிகையைத் தாண்டி அந்த வாசனை வந்தது. ஈரமான, பச்சையான வாசனை.

அவன் பவானியின் தோளுக்கு மேலே பார்த்தான். பூமாரிக்குப் பின்னால், கூட்டத்தில் ஒரு முகம். கறுத்த, ஐம்பது வயது முகம். சங்கிலியம்மாள் இரண்டு கைகளையும் நீட்டினாள். யாருக்கு முன்னாலோ நிற்பவள் போல, பவானியின் பின்னந்தலையின் இரண்டு பக்கமும் வாஞ்சையாக வழித்தாள். தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறித்தாள். பத்து விரலும் சொடுக்கின. அவள் கன்னத்தில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவு நிறைவான சிரிப்பைக் கர்ணன் அதுவரை எந்த முகத்திலும் பார்த்ததில்லை.

பூமாரியின் கை பாதி முடிச்சில் நின்றிருந்தது. அவள் உதடு வெளுத்திருந்தது. மேளச் சத்தத்துக்கு நடுவில் அவள் கிசுகிசுத்தது அவனுக்கு மட்டும் கேட்டது.

"அண்ணே... மதினி ஏன் என்னையப் பாக்குறாக?"